மஞ்சள் வயரில் பன்னிரண்டு வோல்ட்

பார்சலைப் பிரித்ததும் தம்பி காரைத்தான் தூக்கினான். என் கண் போனது ரிமோட்டில்.

கனடாவில் இருந்த எங்கள் அண்ணா, கொழும்புக்கு வந்த ஒருவரின் பெட்டியில் வைத்து அதை அனுப்பியிருந்தார். முழங்கை நீளத்தில் ஒரு விளையாட்டுக் கார். தடித்த ரப்பர்ச் சில்லுகள், நீல நிற மூடி, உள்ளே பற்றரி. கூடவே அதை ஓட்டுவதற்கு, இழுத்தால் நீளும் அன்ரெனாவோடு ஒரு ரிமோட். அண்ணா நாட்டை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. யுத்தத்தின் கடைசிக் காலத்துக் கொழும்பில், ஒரு தமிழ் இளைஞனின் அறையில் ரிமோட் ஒன்று இருந்தால் குண்டுக்கென்றுதான் அர்த்தம் என்று அவருக்குத் தெரியவில்லை.

“இதைத் திருப்பிக் குடுத்துவிடுவம்” என்றேன்.

தம்பி காரைக் கவிழ்த்துப் பிடித்து ஒரு சில்லை விரலால் சுழற்றிக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபிறகு அதே வார்த்தையை இன்னொரு தரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் யாழ்ப்பாணத்தில் இருந்து விமானத்தில் வந்து மாதங்கள் கடந்திருந்தன. கனடா விசாவுக்காகக் காத்திருந்தான். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பகுதியில் வேலை செய்தேன். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் சின்ன பிளாட் ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். அவனை என்னுடைய பிளாட்டில் இருப்பதாகப் பொலிஸில் பதிந்திருந்தோம். அடையாள அட்டையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வயது இருபத்துநான்கு. அதை எந்தப் பதிவும் மாற்றாது. லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆட்களைக் கடத்திக்கொண்டு போகும் வெள்ளை வான் வண்டியைப் பற்றி எல்லோரும் மெதுவாகக் கதைத்தார்கள். தம்பி முதலில் கடைக்குப் போவதை விட்டான். பிறகு பல்கனியில் நிற்பதை விட்டான். பிறகு கதைப்பதையும் குறைத்துக்கொண்டான். நான் வேலைக்குப் போகும்போது படுத்திருப்பான், வரும்போதும் படுத்திருப்பான். காலையில் மூடி வைத்துவிட்டுப் போன சோறு மூடியபடியே இருக்கும்.

கார் வந்த அன்று அவன் எழும்பி வந்து மேசையில் இருந்து சாப்பிட்டான்.

அடுத்த நாள் மாலை நான் வந்தபோது அந்தப் பொருட்களை எல்லாம் நிலத்தில் பரப்பி வைத்திருந்தான்.

“அக்கா, ஒரு பிரச்சினை. சார்ஜருக்கு பிளக் இல்லை.”

காருடன் வந்த சார்ஜர் சிகரட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சின்னத் திரையும் நாலு பொத்தானும் இருந்தன. அதன் பின்பக்கத்தில் இருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் வந்து, முதலை வாய் போன்ற கிளிப்புகளில் முடிந்தன. அந்த ஊர்களில் இப்படிப்பட்ட காரை மைதானத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுவார்களாம். அங்கேயே தங்கள் வாகனத்தின் மூடியைத் திறந்து, அதன் பற்றரியில் இந்தக் கிளிப்புகளை மாட்டிச் சார்ஜ் செய்வார்களாம். வீட்டுச் சுவரில் வரும் கறண்டை இதற்குள் நேரே விட்டால் கருகிப்போகும். பன்னிரண்டு வோல்ட் தரக்கூடிய ஏதாவது ஒன்று நடுவில் வேண்டும்.

“அப்ப வாகன பற்றரி ஒண்டு வாங்கவேண்டியதுதானே?”

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவனும் என்னைப் பார்த்தான். வாகனம் இல்லாத ஒரு தமிழ் வீட்டுக்குள் வாகன பற்றரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவதை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

என்னிடம் இருந்த ரேடியோ அடப்டரைக் கொடுத்தேன். பன்னிரண்டு வோல்ட் என்று அதில் போட்டிருந்தது. சார்ஜர் விழித்தது, திரையில் எழுத்து வந்தது, சார்ஜ் ஏறத் தொடங்கியவுடன் செத்துப்போனது. திரும்பவும் விழித்து, திரும்பவும் செத்தது.

“வோல்ட் சரி. ஆனால் இதுக்கு மூச்சுக் காணாது” என்றான் தம்பி. “ஒரு அம்பியர்தான் தரும். எங்களுக்குக் குறைஞ்சது அஞ்சாறு வேணும்.”

“ஒஃபிஸ் லப்டொப்பின்ர அடப்டர்?”

“அது பத்தொன்பது வோல்ட். இது பதினெட்டுக்கு மேல தாங்காது.”

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்தவன் அவன். இந்த விஷயங்களை அவன் சொல்லும்போது குரலில் ஒரு தெளிவு வரும். அந்தக் குரலை நான் நெடுநாள் கேட்கவில்லை. அதனால்தான் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு நான் போகிறேன் என்று சொன்னேன்.

வேண்டியது ஒரு பழைய கொம்பியூட்டரின் பவர் சப்ளை. பெட்டிக்குள் பின்பக்க மூலையில், விசிறியோடு இருக்கும் தகரப் பெட்டி. அதில் மஞ்சள் வயரில் பன்னிரண்டு வோல்ட் வரும். எதை எடுப்பது என்று தேத்தண்ணியைக் குடித்தபடி எனக்கு விளக்கினான்.

“மேல பெரிசா எழுதியிருக்கிற வாட்ஸைப் பாக்காதேங்கோ. அது சும்மா. கீழ சின்ன எழுத்தில, பன்னிரண்டு வோல்டுக்கு நேர எத்தினை அம்பியர் எண்டு பாருங்கோ. பத்துக்கு மேல இருக்கவேணும். கையில தூக்கிப் பாருங்கோ, பாரமா இருந்தால் நல்லது. பழசு எண்டால் பரவாயில்லை.”

“வாங்கினால் போதுமா?”

“இல்லை, கடையில போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் தொடுத்தால்தான் அது எழும்பும். ஆனால் சும்மா எழும்பினால் உடனே படுத்திடும். சிவப்பு வயரில ஏதாவது பாரம் குடுக்கவேணும். ஒரு வாகன பல்ப் போதும். பல்பையும் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

நான் பாதிதான் கேட்டேன். அவன் இவ்வளவு கதைக்கிறானே என்பதுதான் அப்போது மனதில் இருந்தது.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் புறக்கோட்டைக்குப் போனேன். பழைய கொம்பியூட்டர்ச் சாமான்கள் விற்கும் ஒடுக்கமான கடை. முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர்.

“இத எடுங்க மிஸ், ஐந்நூறு வாட்ஸ், புதுசு” என்று ஒன்றை நீட்டினார். வெறும் தகர டப்பாவைப்போல் கையில் கனமே தெரியவில்லை. சின்ன எழுத்தை வாசித்தேன். பன்னிரண்டு வோல்டுக்கு நேரே ஒன்பது அம்பியர் என்றிருந்தது. வேண்டாம் என்றேன். இரண்டாவதில் விசிறி இறுகிப்போயிருந்தது. அலுமாரிக்கு அடியில் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. முந்நூறு வாட்ஸ்தான், ஆனால் தூக்கியபோது மணிக்கட்டு மடிந்தது. மஞ்சள் வயருக்குப் பதினைந்து அம்பியர் போட்டிருந்தது.

“அது பழசு மிஸ். ஆனா நல்ல சாமான்” என்றார் அவர், விற்க விருப்பமில்லாதவர்போல.

போட்டுக் காட்டச் சொன்னேன். வாகன பல்பு ஒன்றின் கால்களில் இரண்டு துண்டு வயரைப் பற்றவைத்து, பெட்டியின் வெள்ளை நிறச் சொக்கற்றின் ஓட்டைகளில் செருகி, பச்சை வயரையும் கறுப்பு ஒன்றையும் தன்னுடைய கம்பித் துண்டால் தொடுத்து, சுவரில் பிளக்கைப் போட்டார். விசிறி சுற்றியது, பல்பு மங்கலாகச் செம்மஞ்சள் நிறத்தில் எரிந்தது. இரண்டுக்கும் காசைக் கொடுத்தேன். பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். வயர் வைத்த பல்பைத் தனியாக இன்னொரு தாளில் சுற்றி என் கைப்பையில் வைத்தேன்.

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு, இதை அவன் எப்படித் திறந்து பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். காலி நகரத்துக்குப் போகும் பெருவீதியில் பஸ் வேகம் குறைந்தபோதுதான் முன்னால் மணல் மூட்டைகள் தெரிந்தன. காலையில் அந்த இடத்தில் சோதனை இருக்கவில்லை.

எல்லோரும் இறங்கினோம். பெண்களுக்கு வேறு வரிசை. எனக்கு முன்னால் நின்றவளின் பையைப் பெண் பொலிஸ் ஒருத்தி மேலோட்டமாகத் தட்டிப் பார்த்து அனுப்பினாள். என் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தாளை விரித்தாள். தகரப் பெட்டி. அதிலிருந்து பிதுங்கிய ஒரு கொத்து வயர்கள், எல்லா நிறத்திலும். கைப்பைக்குள் கையை விட்டு மற்றப் பொட்டலத்தையும் எடுத்தாள். ஒரு பல்பு, அதில் பற்றவைத்த இரண்டு வயர்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள். “சார்” என்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் என்னைப் பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தார்கள். என்னை ஓட்டோவில் ஏற்றி, இரண்டு பேர் காவலோடு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அன்று கதைத்ததெல்லாம் சிங்களத்தில்தான். மேசைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் இருந்தார். பக்கத்தில் வயதான பொலிஸ் சார்ஜன் ஒருவர் நின்றார். என் கைத்தொலைபேசியை வாங்கி மேசையில் வைத்துவிட்டார்கள்.

“இது என்ன?”

“கொம்பியூட்டர் பவர் சப்ளை, சார்.”

“கொம்பியூட்டர் எங்கே?”

“கொம்பியூட்டருக்கு இல்லை. விளையாட்டுக் கார் ஒன்றின் பற்றரியைச் சார்ஜ் செய்வதற்கு.”

“யாருடைய கார்?”

அந்தக் கேள்வி வரும் என்று ஓட்டோவில் இருந்தே தெரியும். தம்பி என்று சொன்னால், அடுத்த கேள்வி எத்தனை வயது. அதற்கடுத்தது எந்த ஊர்.

“என்னுடைய கார்” என்றேன்.

இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சேலை கட்டிய, முப்பது தாண்டிய, கணக்கு எழுதும் பெண்.

“அப்படியென்றால் இது எப்படி வேலை செய்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும். காட்டு.”

அறைக்குள் வேண்டாம் என்று சார்ஜன் சொன்னார். பின்முற்றத்துக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்தார்கள். சீமெந்துத் தரையில் பெட்டியை வைத்துவிட்டு எல்லோரும் தள்ளிப் போனார்கள். ஒருவர் தூணுக்குப் பின்னால் நின்றார். நான் மட்டும் அதன் முன்னால் குந்தினேன்.

இருபதுக்கு மேற்பட்ட வயர்கள் ஒரே சொக்கற்றுக்குள் போயின. பச்சை ஒன்றுதான் இருந்தது, அதைக் கண்டுபிடித்துவிட்டேன். கறுப்பு பல. எந்தக் கறுப்பு என்று தம்பி சொன்னானா? ஒரு கறுப்பு என்றான். அப்படியென்றால் எதுவும் சரியாக இருக்கவேண்டும். இரண்டையும் தொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. தோளில் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். அவசரத்தில் விரலில் குத்திவிட்டது. ஊக்கை விரித்து, ஒரு முனையைப் பச்சைக்குள்ளும் மற்ற முனையைப் பக்கத்தில் இருந்த கறுப்புக்குள்ளும் செருகினேன்.

“சுவிட்சைப் போடுங்கள்” என்றேன்.

விசிறி ஒரு தரம் துடித்தது. அவ்வளவுதான். நின்றுவிட்டது.

பல்பு. சும்மா எழும்பினால் உடனே படுத்திடும் என்று சொன்னானே. பல்பைக் கேட்டேன். பெண் பொலிஸ் அதைக் கையில் தரவில்லை. நிலத்தில் வைத்துக் காலால் என் பக்கம் தள்ளினாள். கடையில் பல்பைச் செருகிய வெள்ளைச் சொக்கற்றில் நாலு வயர்: மஞ்சள், கறுப்பு, கறுப்பு, சிவப்பு. சிவப்பிலும் கறுப்பிலும் பல்பின் வயர்களைச் செருகினேன்.

“திரும்பப் போடுங்கள், சார்.”

ஒன்றும் நடக்கவில்லை. துடிக்கக்கூட இல்லை.

“வேலை செய்யாத சாமான்” என்றார் இன்ஸ்பெக்டர். “அப்படியென்றால் இதற்குள் வேறு என்ன இருக்கிறது?”

எங்கள் ஒஃபிஸில் கொம்பியூட்டர் இறுகி நின்றால் சுவர்ச் சுவிட்சை நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் போடுவார்கள். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அது மட்டும்தான். நிறுத்தச் சொன்னேன். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். ஒரு பொலிஸ் நிலையத்தில் பொறுங்கள் என்று நான் சொல்வதை என் காதே நம்பவில்லை. சுவரில் இருந்த காகம் ஒன்று இறங்கி வந்து நடந்து திரிந்தது. பிறகு போடச் சொன்னேன்.

விசிறி சுற்றியது. வருடக்கணக்கான தூசியை என் முகத்தில் ஊதியது. பல்பு மங்கலாக எரிந்தது. நான் குந்திய இடத்திலேயே இருந்துவிட்டேன்.

சார்ஜன் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பல்புக்கு மேலே கையை வைத்துச் சூடு பார்த்தார்.

“சரி” என்றார் இன்ஸ்பெக்டர். “இப்போது போய்க் காரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.”

ஜீப்பில் சார்ஜனும் இரண்டு பொலிஸ்காரரும் ஏறினார்கள். நான் பின்னால். என் தொலைபேசி சார்ஜனின் சட்டைப் பையில். எனக்கு ஒரே பயம்தான். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் தம்பி என்ன செய்வான்? எங்கள் பிளாட்டுக்கு மேலே மொட்டை மாடி. அங்கேயிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குக் குதிக்கலாம் என்று வந்த புதிதில் ஒரு நாள் சொல்லியிருந்தான். ஓடினால் முடிந்தது. ஓடுகிறவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

படியேறும்போது, என் குரல் தம்பிக்குக் கேட்கட்டும் என்று, ஐயாவுக்குச் சிங்களத்தில் சொல்லும் மாத்தயாவைச் சேர்த்துச் சேர்த்து உரத்துக் கதைத்தேன். “மெதுவாக வாருங்கள் மாத்தயா, படி உடைந்திருக்கிறது. இன்னும் ஒரு மாடிதான், மாத்தயா.” கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

எங்கள் கதவு திறந்திருந்தது. தம்பி வாசலில் நின்றான். சேர்ட் போட்டு, கையில் அடையாள அட்டையை நீட்டிப் பிடித்தபடி நின்றான். ஜீப் வருவதை யன்னலால் கண்டிருக்கிறான். ஓடவில்லை. அவனுடைய உதடுகள் வெள்ளையாகியிருந்தன.

“உன்னுடைய கார் என்றாய்” என்று சார்ஜன் என்னிடம் சொன்னார்.

அலுமாரியைத் திறந்தார்கள், மெத்தையைத் தூக்கினார்கள். சார்ஜன் மட்டும் நிலத்தில் இருந்த காரின் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சார்ஜரைப் பார்த்தார். பற்றரியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ரிமோட்டை எடுத்து அன்ரெனாவை முழு நீளத்துக்கும் இழுத்தார்.

“இது எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்யும்? கேள்.”

தம்பிக்குச் சிங்களம் வராது. நான் கேட்டேன்.

“வெளியில எண்டால் ஒரு நூறு மீற்றர் போகும்” என்றான் தம்பி, எதையும் மறைக்கத் தெரியாதவன்போல.

“இந்த அறையின் நீளம்தான், மாத்தயா” என்றேன் நான்.

சார்ஜன் அன்ரெனாவை மெதுவாக உள்ளே தள்ளினார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, தமிழில் சொன்னார்:

“நூறு எண்டால் நூறு எண்டு சொல்லு. நான் மட்டக்களப்பில எட்டு வருசம் இருந்தனான்.”

கீழே ரயில் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

அவர் எழும்பினார். தம்பியின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். என் தொலைபேசியையும், ஜீப்பில் கொண்டுவந்திருந்த தகரப் பெட்டியையும் பல்பையும் மேசையில் வைத்தார்.

“கார் இருக்கட்டும்” என்றார் தம்பியிடம். “இதை நான் கொண்டு போறன். இது உங்களுக்கு வேண்டாம். விளங்குதா?”

“விளங்குது, சார்.”

ரிமோட்டை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஏன் எங்களை விட்டார் என்பதை நான் பல விதமாக யோசித்திருக்கிறேன். நல்ல மனமா, அலுப்பா, அன்று சனிக்கிழமை என்பதாலா, தெரியவில்லை. அதே நாளில் அதே கேள்விக்கு வேறொரு மனிதர் அங்கே இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கலாம், தம்பி இருந்திருக்கமாட்டான்.

கதவைச் சாத்தியதும் தம்பி கேட்டான்: “பல்பைப் போட்டனீங்களா?”

“முதல்ல மறந்துபோனன்.”

“பிறகு?”

“பிறகு போட்டன். அப்பவும் எழும்பேல்லை. நிப்பாட்டி விட்டுப் போட்டனான்.”

“சரியாத்தான் செய்திருக்கிறியள்” என்றவன், சுவரோடு சரிந்து இருந்து அழத் தொடங்கினான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

அதன் பிறகு சில நாட்கள் அவன் திரும்பவும் படுத்துக்கொண்டான். எதிர்க் கதவுக்காரம்மா என்னைக் கண்டால் சாவியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டா. பொலிஸ் வந்து போன வீடு. அவவைக் குறை சொல்ல முடியாது. ரிமோட்டைக் கேட்டு நான் போகவில்லை. கேட்பதற்கு அது ஒரு பொருளாகவே எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற எனக்கு விசிறிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பவர் சப்ளையின் மஞ்சள் வயரில் சிவப்புக் கிளிப், கறுப்பில் கறுப்புக் கிளிப், பக்கத்தில் மங்கலாக பல்பு. சார்ஜரின் திரையில் இலக்கங்கள் ஏறிக்கொண்டிருந்தன. இந்த முறை சாகவில்லை. எரிந்த மணம் வருகிறதா என்று நான் மூக்கை விரித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அவன் பற்றரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“ஓட்ட ரிமோட் இல்லையே” என்றேன்.

பழைய கோலிங்பெல் பொத்தான் ஒன்றை எடுத்துக் காட்டினான். காரின் மோட்டருக்குப் போகும் வயரை வெட்டி, நீளமான இரட்டை வயர் ஒன்றை இணைத்து, அதன் நுனியில் அந்தப் பொத்தானை வைத்திருந்தான். திருப்ப முடியாது; நேரே மட்டும்தான் ஓடும்.

சார்ஜர் கீச்சிட்டு முடிந்ததைச் சொன்னதும் காரைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தான். கொரிடோரின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு வாசலைத் தாண்டி வெளியே கால் வைத்தான். நிலத்தில் வைத்துப் பொத்தானை அமத்தியதும் கார் சீறிக்கொண்டு புறப்பட, வயர் இழுபட, பின்னால் அவன் ஓடினான். கொரிடோர் முடிவில் காலால் காரைத் திருப்பிவிட்டு, திரும்பவும் ஓடி வந்தான். எதிர்க் கதவு கொஞ்சம் திறந்தது. அந்த அம்மா தலையை நீட்டிப் பார்த்தா.

“என்ன தம்பி, நாயைக் கட்டி இழுக்கிற மாதிரிக் கிடக்கு” என்றா.

“ஓம் அன்ரி, கடிக்காது” என்றான்.

மூச்சு வாங்க உள்ளே வந்து தண்ணீர் குடித்தான். செம்பை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டான்: “அக்கா, பின்னேரம் கடற்கரைக்குப் போட்டு வருவமா?”

போனோம். அடையாள அட்டையைச் சேர்ட் பையில் வெளியே தெரிய வைத்துக்கொண்டான். ஒழுங்கை முடிவில் காவல் நின்ற ஆமிக்காரன் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். கடலைப் பார்க்க என்றேன். அவன் தோளுக்கு மேலால் திரும்பிக் கடலை ஒரு தரம் பார்த்தான், அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பதுபோல. பிறகு அட்டையைக் கொடுத்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். தண்டவாளத்தைக் கடந்து கற்களில் போய் இருந்தோம். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்தான். இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டோம்.